வீட்டுக்கொரு பேப்பர்

புயலில் போன படகைப் பற்றி ஒரு தகவலும் இல்லாமல் ஞானசீலி ஒரு கிழமையாக வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருந்தாள். தீவில் தொலைபேசிகளும் வேலை செய்யவில்லை. அவள் மகன் யூலியனும் அடுத்த ஒழுங்கையில் இருக்கும் திரேசாவின் மகன் றெஜியும் அந்தப் படகில்தான் போயிருந்தார்கள்.

வியாழக்கிழமை தீவின் வாரப் பத்திரிகை வந்தது. அது ஒவ்வொரு வீட்டுக்கும் அந்த வீட்டாருக்கு ஏற்றபடி தனித்தனியாக அச்சாகும். ஏற்றபடி என்றால் மீன்விலையும் கோயில் அறிவித்தலும் என்றுதான் ஞானசீலி நினைத்திருந்தாள்.

றெஜியின் உடல் கரையொதுங்கிவிட்டது, யூலியனைத் தேடுகிறார்கள் என்று அவள் வீட்டுப் பேப்பரில் போட்டிருந்தது. அவளுக்கு மூச்சு வந்தது. உடனேயே வெட்கமாகவும் இருந்தது. பிளாஸ்கில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு திரேசாவிடம் ஓடினாள்.

பாதி வழியில் திரேசாவே பாண் பொதியோடு எதிரே வந்து அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"யூலியனுக்கு இப்பிடி நடக்கும் எண்டு ஆர் நினைச்சது அக்கா!"

"என்னடி சொல்லுறாய்? றெஜியையெல்லே கண்டெடுத்தவை?"

"இல்லையக்கா, அவனை இன்னும் தேடுகினமாம். பேப்பரில கிடக்கு."

இருவரும் பேக்கரிக்கார வைரவநாதன் வீட்டுக்கு விரைந்தார்கள். அந்த வீட்டிலிருந்து யாரும் கடலுக்குப் போவதில்லை; அவர் பேப்பரில் எதையும் மாற்றிப் போடத் தேவையில்லை. வாசல் வாங்கில் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தவர் அவர்களைக் கண்டதும் எழுந்து, பேப்பரை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"உங்கட பேப்பரில கரையொதுங்கினது ஆரின்ர பிள்ளை அண்ணை?" என்று கேட்டாள் ஞானசீலி.

வைரவநாதன் மற்றக் கையால் வாங்கை அவர்கள் பக்கம் இழுத்துவிட்டார்.

"ரெண்டு பேரும் முதல்ல வந்து இருங்கோ, பிள்ளையள்," என்றார்.