அழுத்தம் 8191

பேனையை நகர்த்தினால் திரையில் அம்பு ஓடியது. அழுத்தினால் ஒரு புள்ளிகூட விழவில்லை.

நுஸ்கி வரைபலகையின் வயரைக் கழற்றி மறுபடியும் செருகினான். அதே கதைதான்.

திகன டவுனில், போட்டோக்கொப்பியும் இணைய வேலையும் செய்து கொடுக்கும் அவனுடைய கொமியூனிகேஷன் கடை. மேசைக்கு அந்தப் பக்கம் வடிவம்மா கதிரையின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். சீமெந்துக் கல் போடும் வாடியில் இருபத்தேழு வருஷம் உழைத்தவள். நாற்பத்தெட்டு வயதில் எழுத்துப் பழகி, இப்போது பல்லேகலயில் ஒரு தொழிற்சாலையில் சாமான் வருவதையும் போவதையும் எழுதி வைக்கும் வேலைக்குத் தெரிவாகியிருந்தாள்.

சம்மதப் படிவம் இன்று நாலு மணிக்குள் இணையத்தில் போய்ச் சேர வேண்டும். தவறினால் வேலை அடுத்த ஆளுக்கு.

மணி மூன்று முப்பத்தைந்து.

படிவத்தின் அடியில் ஒரு வெற்றுக் கட்டம். அதற்குள் நேரே கையெழுத்துப் போட வேண்டும்; தாளில் போட்டுப் படமெடுத்தால் ஏற்காது. இல்லாவிட்டால் பெருவிரல் அடையாளத்தைப் படம்பிடித்து ஏற்றலாம்.

"மவுஸால போட்டுப் பாருங்களேன் அக்கா."

பாறாங்கல்லைத் தள்ளுவதுபோல வடிவம்மா மவுஸைத் தள்ளினாள். 'வ' மலையேறி மறுபக்கம் உருண்டது.

"கோழி கிளறுன குப்ப மாதிரி இருக்கு தம்பி. அழிச்சிருங்க" என்று சிரித்தாள்.

நுஸ்கி தன் போனிலேயே படிவத்தைத் திறந்து, விரலால் எழுதச் சொன்னான். அவள் விரல் மேலும் கீழும் போனது. போனுக்கு அது தெரியவே இல்லை. போன கிழமை திரையில் ஒட்டிய தடித்த கண்ணாடியை நுஸ்கி வாய்க்குள் திட்டிக்கொண்டான்.

போட்டோக்கொப்பி எடுக்க வந்து காத்து நின்ற றம்லத் ராத்தாவுக்குப் பொறுக்கவில்லை.

"குச்சிப் பேனையால முடியிற வேலைக்கு இவ்வளவு வயரா நுஸ்கி?"

நுஸ்கிக்கு வெட்கமாகப் போய்விட்டது. மைப் பெட்டியை எடுத்து வடிவம்மாவின் பக்கம் நகர்த்தினான்.

"கைநாட்ட வெச்சிட்டுப் போங்களேன் அக்கா. ரெண்டு நிமிஷ வேல."

அவள் ஒற்றை விரலால் பெட்டியைத் திருப்பித் தள்ளினாள்.

"கையெழுத்துத்தான் தம்பி."

எழுத்துப் பழகிய புதுசில் வரும் வீம்பு என்று நினைத்தான். ஆனாலும் அந்த வீம்பு அவனுக்குப் பிடித்திருந்தது.

கணினியில் இருந்தது லினக்ஸ். பலகையை இயக்க வேண்டிய மென்பொருள், டிரைவர் என்பார்கள், அதிலேயே இருந்தது. சும்மா இருக்க ஏலாமல் நுஸ்கி போன மாதம் இன்னொன்றையும் ஏற்றியிருந்தான். இரண்டும் ஒரே பேனையைப் பிடித்து இழுக்க, கணினி சலித்துப்போய் அதையும் ஒரு மவுஸ் என்றே வைத்துக்கொண்டுவிட்டது. எங்கோ ஒரு நாட்டில் இதே சிக்கலில் மாட்டித் தலையைப் பிய்த்துக்கொண்ட ஒருவன் இணையத்தில் எழுதி வைத்திருந்ததைப் படித்தபோதுதான் நுஸ்கிக்கு இது விளங்கியது.

விளங்கியதை வாய்விட்டுச் சொன்னான்.

"ஒரு பஸ்ஸுக்கு ரெண்டு டிரைவரா?" என்றாள் வடிவம்மா. "பள்ளத்துலதான் போய் நிக்கும்."

முதலே இருந்த டிரைவரை ஒதுங்கச் சொல்லி ஒரு வரி அடித்தான். வயரைக் கழற்றிப் பத்து வரை எண்ணிவிட்டுச் செருகினான்.

திரையின் சோதனைப் பெட்டியில் பேனை அழுத்தத்தின் எண் துள்ளியது. மெல்ல வைத்தால் முந்நூறு. ஊன்றினால் நாலாயிரம்.

"வாங்க அக்கா! உயிர் வந்திட்டு!"

வடிவம்மா பேனையைப் பிடித்தாள். 8191.

அதற்கு மேல் அந்தப் பலகையில் எண்ணே கிடையாது. கட்டத்துக்குள் கோடு வடக்கயிறு தடிமனுக்கு விழுந்தது. எழுத்தெல்லாம் ஒட்டி ஒரே கறுப்புக் கட்டியானது.

"அக்கா, இது மம்பட்டி இல்ல, பேனை."

"மெதுவாத்தான் தம்பி வைக்கிறேன்."

உண்மையாகவே மெதுவாகத்தான் வைத்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு, பிறந்த குழந்தையைத் தொடுவதுபோலத் தொட்டாள். 8191.

மணி மூன்று ஐம்பத்தொன்று.

இருபத்தேழு வருஷத்தில் இறுகிய கையை ஒன்பது நிமிஷத்தில் இளக்க முடியாது. பலகையை இளக்கலாமே?

எவ்வளவு அழுத்தினால் எவ்வளவு தடிப்பு என்று தீர்மானிக்கும் வளைகோட்டைத் திரைக்குக் கொண்டு வந்தான். பிடித்துக் கீழே இழுத்தான். போதவில்லை. இன்னும் இழுத்தான். வேறு யார் எழுதினாலும் ஒரு கீறுகூட விழாது என்ற அளவுக்கு இழுத்து நிறுத்தினான்.

"இப்ப உங்கட பாட்டுக்கு எழுதுங்க."

வடிவம்மா எழுதினாள். 'வ' வயிற்றில் தடித்து வாலில் மெலிந்தது. 'டி' தலைக்கு மேல் அழகாகச் சுழித்தது. கடைசி 'மா'வின் கால் ஊன்றி நின்றது. றம்லத் ராத்தா தன் வேலையை மறந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்று ஐம்பத்தேழுக்குப் படிவம் போனது. திரையில் பச்சையாக ஒரு சொல் வந்தது. வாசிக்கப் போன நுஸ்கியைக் கையமர்த்திவிட்டு, வடிவம்மாவே எழுத்துக் கூட்டினாள்.

"பெ... ற... ப்பட்டது."

றம்லத் ராத்தா கை தட்டினாள். நுஸ்கி கதிரையோடு ஒரு சுற்றுச் சுற்றினான்.

"எனக்கு வேர்த்துப் போச்சு அக்கா! கைநாட்டுக்கு அப்படி என்ன குறை?"

வடிவம்மா சிரித்துக்கொண்டே மைப் பெட்டியைத் தன் பக்கம் இழுத்தாள். பெருவிரலைத் தோய்த்து ஒரு கழிவுத் தாளில் அழுத்தினாள். அழுத்தமாகவே அழுத்தினாள். எடுத்து அவனிடம் நீட்டினாள்.

வட்டமாக ஒரு கறுப்பு. அதில் ஒரு ரேகைகூட இல்லை.

"எல்லாம் சீமெந்து தின்னுருச்சு. மூணு கவர்மெண்ட் கந்தோருல திருப்பி அனுப்பிட்டாங்க" என்றாள். சிரிப்பு இன்னும் அடங்கவில்லை. "படிக்காதவள கைநாட்டும்பாங்க. எனக்கு அதுவும் வரல்ல தம்பி. அதான் எழுத்துப் படிச்சேன்."