இந்த ஷட்டர் இப்போதைக்குத் திறக்காது

“என்னப்பா, ஏணியில ஏறி நின்னு தவமா பண்றே? மேல என்ன ஆச்சுன்னு வாயைத் திறந்து சொல்லேன்!”

கீழே நின்று கத்தியவர் செருப்புக்கடை முதலாளி. எச்சில் கையால் காக்கை ஓட்டாதவர் என்று கடைத்தெரு முழுக்கப் பெயர் வாங்கியவர். காலையிலிருந்து அவரோடு நிழல் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்த மச்சினன், கடையில் பாதிப் பங்குக்காரன், கைக்கடிகாரத்தைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஷட்டர் மெக்கானிக் டார்ச்சை அணைத்துவிட்டு யோசித்தார்.

ஷட்டர் ஒன்றும் மாயவித்தை இல்லை. வாசலுக்கு மேலே நீளமாக ஒரு பெட்டி, அதற்குள் ஒரு குழாய். தூக்கத் தூக்க இரும்புத் தகடு பாயைப்போல அந்தக் குழாயில் சுருண்டுகொள்ளும். குழாய்க்குள் இருக்கிற ஸ்பிரிங் பாரத்தைத் தாங்கிக்கொள்வதால்தான் ஓர் ஆளால் அதைத் தூக்க முடிகிறது. கடை திறந்திருந்தால் சுருள் பருத்துப் பெட்டியை அடைத்துவிடும். மூடியிருந்தால் வெறும் குழாய்தான். பெட்டிக்குள் தாராளமாக இடம் இருக்கும்.

முதலாளியின் மகள் பிரசவத்துக்காகக் குடும்பமே வெளியூர் போய்விட, கடை ஒரு மாதம் பூட்டிக் கிடந்தது. அந்தத் தாராளமான இடத்தை ஒரு சிட்டுக்குருவி ஜோடி பார்த்துவிட்டது. இப்போது அங்கே நாரும் பஞ்சுமாக ஒரு கூடு. அதில் இறகு முளைக்காத குஞ்சுகள், தலையை விடப் பெரிதாக வாயைப் பிளந்துகொண்டு. கொஞ்சம் நார் தகட்டில் சிக்கியதால்தான் ஷட்டர் இறுகியிருக்கிறது. ஓங்கி ஓர் இழுப்பு இழுத்தால் திறந்துவிடும். சுருள் பருக்கும். கூடு கூழாகிவிடும்.

“ஸ்பிரிங் போச்சு முதலாளி,” என்றார் மெக்கானிக்.

“போச்சுன்னா?”

“உடைஞ்சிடுச்சு. இந்த அளவு எங்கேயும் ரெடியா கிடைக்காது. சொல்லித்தான் செய்யணும். மூணு வாரம் ஆகும்.”

தொழிலில் அவர் சொன்ன முதல் பொய். நாக்கு லேசாகக் குழறியது.

“மூணு வாரமா?” மச்சினன் அலறினான். “பள்ளிக்கூடம் திறக்கிற நேரம்யா இது! ஊர்ல இருக்கிற பிள்ளைங்க காலெல்லாம் ஒரு சைஸ் வளர்ந்து நிக்குது. வருஷத்துல பாதி வியாபாரம் இப்பதான்!”

அந்த நேரம் பார்த்துப் பெட்டிக்குள்ளிருந்து ‘கீச்... கீச்...’ என்றது.

“அது என்ன சத்தம்?”

“பேரிங்,” என்றார் மெக்கானிக். “எண்ணெய் வத்திப்போச்சு.”

“யாரும் தொடாமலேயே கத்துது?”

“அது... ரொம்ப முத்திப்போச்சு தம்பி.”

முதலாளிக்குத் திடீரென்று இருமல் வந்தது. தெருவே திரும்பிப் பார்க்கிற இருமல். அது ஓய்வதற்குள் குஞ்சுகள் ஓய்ந்துவிட்டன.

“நானே ஏறிப் பார்க்கிறேன்.” மச்சினன் ஏணியில் கால் வைத்தான்.

“வேணாம் தம்பி! உடைஞ்ச ஸ்பிரிங் எப்போ தெறிக்கும்னு சொல்ல முடியாது. அப்புறம் மூக்கு இருந்த இடத்துல மூக்கு இருக்காது.”

கால் தானாகத் தரைக்கு வந்தது. ஆனால் கை சும்மா இருக்கவில்லை. “அப்போ கீழே இருந்து ரெண்டு பேரும் ஒரே தூக்கா தூக்கிடலாம். வாங்க மாமா!” குனிந்து ஷட்டரின் கைப்பிடியைப் பிடித்தேவிட்டான்.

மெக்கானிக் பதறி ஏணியில் இரண்டு படி இறங்கினார்.

“எடுடா கையை!” என்று பாய்ந்தார் முதலாளி. “தகடு வளைஞ்சா புது ஷட்டர் உங்கப்பாவா வாங்கித் தருவாரு?”

கஞ்சத்தனமும் ஒரு நேரத்துக்கு உதவுகிறதே என்று மெக்கானிக் மனசுக்குள் கும்பிடு போட்டார். சூட்டோடு சூடாகச் சொன்னார்: “பின்வாசல் இருக்குல்ல முதலாளி? சந்துல ரெண்டு மேசையைப் போட்டுப் பள்ளிக்கூட ஷூவை அடுக்குங்க. அம்புக்குறி போட்டு இங்கே ஒரு அட்டையை நான் மாட்டித் தர்றேன்.”

“சந்துக்குள்ள எவன் வருவான்?” என்றான் மச்சினன்.

“சந்துல நாலு பேர் சும்மா நின்னாலே, என்னமோ ஏதோன்னு நாப்பது பேர் எட்டிப் பார்ப்பான் தம்பி.”

மச்சினன் தாடையைச் சொறிந்தான். முகம் மெல்ல மலர்ந்தது. “கூட்டம் சேர்ந்தா கல்லாவை நான் பார்த்துக்கிறேன் மாமா! பேக்கரியில மேசை கேட்டு வாங்கிட்டு வர்றேன்,” என்று ஓடினான்.

அவன் தலை தெருமுனையில் மறைந்ததும் முதலாளி ஏணிக்கு அடியில் வந்து நின்றார். மெக்கானிக் முகத்தைப் பெட்டிப் பக்கம் திருப்பிக்கொண்டார். பொய் பிடிபட்டால் இந்தக் கடைத்தெருவில் இனி யார் அவரைக் கூப்பிடுவார்கள்?

“கண்ணு திறந்துடுச்சா?” என்றார் முதலாளி, குரலைத் தாழ்த்தி.

“எ... எதுக்கு முதலாளி?”

“குஞ்சுங்களுக்குத்தான்யா! மூணு வாரம் போதுமா, இல்ல நாலுன்னு சொல்லியிருக்கணுமா?”

மெக்கானிக் ஏணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். “உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?”

“தெரியாம என்ன! மச்சினன்கிட்ட சொன்னா குருவிகிட்டயே வாடகை கேப்பான். ஷட்டர் திறக்காதுன்னு அவன்கிட்ட சொல்ல ஒரு மெக்கானிக் வேணுமேன்னு நேத்து ரெண்டு பேரை வரவழைச்சேன். ரெண்டு பேரும் ஒரே இழுப்புல திறந்துடறேன்னாங்க. வேலையே செய்யாம கூலியைக் கையில திணிச்சு அனுப்பிட்டேன்.” முதலாளி வாய்விட்டுச் சிரித்தார். “அப்புறம்தான், ஊர் ஷட்டரையெல்லாம் சரி பண்ற ஒரு ஆளு தன் பட்டறை ஷட்டரை மட்டும் பாதியில நிறுத்திட்டு, தினமும் தவழ்ந்து தவழ்ந்து உள்ளே போறதா கேள்விப்பட்டேன். நீ இல்லாத நேரமாப் பார்த்து நேர்லயே வந்து எட்டிப் பார்த்தேன்யா, உன் பெட்டிக்குள்ள அஞ்சு குஞ்சு!”