பெருக்கமரம் வரைக்கும்

"இஞ்சருங்கோ, மிதிச்சது காணும்! முதல்ல மூச்சை விடுங்கோ!"

மங்கையற்கரசி கைபேசியில் நேரத்தைப் பார்த்துக்கொண்டே கத்தினாள். கணவர் தில்லைநாதனின் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. சோழகக் காற்று முகத்தில் அறைய, எழுந்து நின்று சைக்கிளை மிதித்துக்கொண்டிருந்தார். மூன்று நிமிடம் இறுக்கி மிதிக்க வேண்டும், இரண்டு நிமிடம் இளக்க வேண்டும், பிறகு மறுபடியும் இறுக்க வேண்டும். அப்படிப் பழகினால் காலுக்குப் பலமும் நெஞ்சுக்கு மூச்சும் கூடுமாம். யூடியூப்பில் யாரோ வெள்ளைக்காரன் சொன்னதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டார் மனிதர்.

வீதியில் படுத்திருந்த கழுதைகள்கூட எழுந்து அவருக்கு வழிவிட்டன.

"பிறஷர்காரன் செய்யிற வேலையே இது? டொக்டர் நடக்கத்தானே சொன்னவர்?" இறங்கி வந்தவரிடம் தண்ணீரை நீட்டினாள்.

"அவரிட்டக் கேட்டுத்தான் ஓடுறன். மெல்ல மெல்லக் கூட்டச் சொன்னவர். வாற ஞாயிறு தாராபுரத்தில இருந்து பெருக்கமரம் வரைக்கும் ஓடிமுடிக்கோணும். இடையில கால் நிலத்தில குத்தினாத் தோல்வி."

எதிராளி பக்கீர். பள்ளிக்கூட நாளிலிருந்தே இரண்டு பேருக்கும் இதே வேலைதான். ஞாயிறு விடிந்தால் தாராபுரத்தில் தொடங்குவார்கள். பள்ளிமுனையில் யானை கணக்காக நிற்கிற பெருக்கமரத்தை முதலில் தொட்டவன் வென்றவன். தோற்றவன் சர்பத் வாங்கிக் கொடுக்க வேண்டும். ஒரு கிழமை இவர் வெல்வார், மறு கிழமை அவர். யார் பெரியவன் என்று முடிவுகட்ட ஒரு கடைசிப் போட்டி பேசினார்கள்.

அந்த ஞாயிறு வருவதற்குள் தொண்ணூறாம் ஆண்டு ஐப்பசி வந்துவிட்டது. இயக்கத்துக்காரர் முஸ்லிம் சனங்களை ஊரைவிட்டுப் போகச் சொன்னார்கள். பக்கீர் குடும்பம் கையில் அகப்பட்டதோடு வள்ளம் ஏறிக் கற்பிட்டிக்குப் போனது. தில்லைநாதன் அந்த ஞாயிறும் சைக்கிளோடு மரத்தடிக்குப் போய் நின்றிருக்கிறார்.

பக்கீர் தாராபுரத்துக்கே திரும்பிவிட்டார் என்று இரண்டு மாதத்துக்கு முன்னர்தான் செய்தி வந்தது. ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்த தில்லைநாதன் அன்று இராச்சாப்பாட்டைத் தொடவில்லை. "ஆள் எப்பிடி இருக்கிறார்?" என்று அவள் கேட்டதற்கு, "வாய் அப்பிடியேதான் இருக்கு" என்றார். மறுநாள் காலையில் பழைய சைக்கிளுக்கு எண்ணெய் போட்டார்.

இந்தக் கிழமை புதுக்கூத்து. ஒரு பழைய சாரத்தைச் சுருட்டி சைக்கிளின் முன்பாரில் கட்டினார். அதன் மேல் ஒரு மணல் மூட்டையை ஏற்றி இறுக்கினார்.

"ஏனப்பா முன்னுக்கு? பின்னால கரியர் சும்மாதானே கிடக்கு?"

"முன்னுக்குத்தான் வேணும்."

"ஓ, பாரத்தோட பழகினா போட்டியண்டைக்கு லேசா ஓடலாம் எண்டு கணக்குப் போடுறியளாக்கும்."

தில்லைநாதன் சிரித்துக்கொண்டார். அப்போது கைபேசி அடித்தது. பக்கீர்தான்.

"மச்சான், இப்ப எத்தினை கிலோ இருக்கிறாய்?" என்று இவர் ஸ்பீக்கரைப் போட்டு, எடுத்த எடுப்பில் கேட்டார்.

"அறுபதுடா."

"கூடிப்போச்சு. உன்ர மனிசி நுஸ்ரியாட்டச் சொல்லிச் சோத்தைக் குறைப்பிக்கிறன், பார்!"

"நீதாண்டா மிதிச்சுச் சாகோணும். எனக்கென்ன, ஏறி இருந்தாச் சரி!"

மங்கையற்கரசிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "உந்த வாய் அடிக்கிறவரை வெல்லாம விட்டிடாதேங்கோ. அதுசரி, எதிராளியைப் போய் மெலியச் சொல்லுறியளே? மெலிஞ்சா அவரெல்லோ வேகமா ஓடுவார்?"

அவர் மூட்டையில் இன்னும் கொஞ்சம் மணலை அள்ளிப் போட்டார்.

ஞாயிறு காலை அவள் இரண்டு போத்தல் நன்னாரி சர்பத்தோடு பெருக்கமரத்தடியில் நின்றாள். வென்றாலும் சரி, தோற்றாலும் சரி, மனிதர் வழியில் விழாமல் வந்து சேர்ந்தால் போதும். இத்தனை வருஷமாக நெஞ்சுக்குள் சுமந்ததை இன்றைக்காவது இறக்கி வைக்கட்டும். "கேதீச்சரத்தானே, காற்றைக் கொஞ்சம் அடக்கிவிடு" என்று வேண்டிக்கொண்டாள்.

தெருமுனையில் ஒரு சைக்கிள் தெரிந்தது. ஒன்றே ஒன்றுதான்.

நீலச் சேட்டு. அவரேதான்! பக்கீர் கண்ணுக்கெட்டிய தூரம்வரை இல்லை. சந்தோஷத்தில் அவளுக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது. அடுத்த கணம் ஆத்திரமும் வந்தது. முன்பாரில் அந்தப் பாரம் இன்றைக்கும் இருந்தது.

"ஐயோ, போட்டியண்டைக்கும் உந்த மூட்டையோ!"

மூட்டை கையை நீட்டி மணியடித்தது.

தில்லைநாதன் வியர்வையில் தோய்ந்து, கால் ஒருதரமும் குத்தாமல் வந்து சேர்ந்தார். பாரில் இருந்த வெள்ளைத் தாடிக்காரர் எட்டி மரத்தில் ஓங்கி அறைந்தார். "முந்தீட்டனடா! நான்தானடா வெண்டது!" என்று கத்தினார். கத்திக்கொண்டே அழுதார். தில்லைநாதன் அவரை இரு கைகளாலும் அணைத்து இறக்கியபோது, அவர் உடுத்திருந்த சாரத்துக்குக் கீழே ஒரு கால்தான் நிலத்தைத் தொட்டது. மற்றக் காலைச் சீனி வருத்தம் என்றைக்கோ கொண்டுபோயிருந்தது.

"நீ வெல்லோணும் எண்டுதானே மச்சான், கரியர் சும்மா கிடக்க உன்னை முன்னுக்கு ஏத்தினனான்" என்றார் தில்லைநாதன், மூச்சு வாங்க.