தங்குவது போர்ட் பிளேரில்

“காலை எடுங்க! வைப்பர் தீவை மிதிக்கறீங்க!”

சகாதேவன் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு ரேணுகாம்பாள் ஒற்றைக்காலில் நின்றுவிட்டாள். கூடத்துத் தரை முழுக்கச் சாக்பீஸ் கோடுகள், வட்டங்கள், அம்புக்குறிகள்.

“இன்னா சார் இது, கோலம் இவ்ளோ கோணலா கீது?”

“கோலம் இல்லீங்க, அந்தமான்.” மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, கடைசி பெஞ்சுப் பையனுக்குச் சொல்வதுபோல் சொன்னார் சகாதேவன்.

அவர் மத்திய அரசு ஆபீஸ் ஒன்றில் ஹெட் கிளார்க். நாலு வருஷத்துக்கு ஒருமுறை, குடும்பத்தோடு நாட்டில் எங்கே வேண்டுமானாலும் சுற்றிப் பார்த்துவிட்டு வர சர்க்காரே பயணச் செலவு கொடுக்கும். மறுநாள் காலை அவரும் மனைவி வேதாவும் கிளம்புகிறார்கள்.

“மெட்ராஸ்ல கப்பல் ஏறினா நேரா போர்ட் பிளேர். தங்கறது அங்கதான். மூட்டையத் தூக்கினு ஊர் ஊரா அலையறதெல்லாம் விவரம் இல்லாதவங்க வேலை. காலைல ஒரு எடத்துக்குப் போகணும், சாயங்காலம் ரூமுக்குத் திரும்பிடணும். பிளான்னா அதுதான் பிளான்!”

“எனக்கு ஒரு சங்கு வாங்கினு வாங்க சார்.”

“சங்கா? அங்கேருந்து ஒரு கிளிஞ்சல் எடுத்தாகூட போலீஸ் கேஸ். உங்களுக்கு எங்க இதெல்லாம் தெரியப் போவுது!”

ரேணுகாம்பாள் கோடுகளை மிதிக்காமல் திரும்பிப் போனாள்.

அன்று மத்தியானம் ஆபீசிலும் இதே கதைதான். கிளார்க் காசி தயங்கித் தயங்கி, “நான் ராமேஸ்வரம் போலாம்னு இருக்கேன் சார். அதுவும் தீவுதானே?” என்று கேட்டான்.

சகாதேவன் சிரித்த சிரிப்பில் காசியின் முகம் சுருங்கிவிட்டது. “ரயில்லயே போயிட்டு வர்ற எடத்தை வெளிய தீவுன்னு சொல்லிடாதே. ஆபீஸ் மானமே போயிடும்.”

விளக்கு வைத்ததும் வேதாவைச் சாக்பீஸ் தீவின் முன்னால் உட்காரவைத்தார்.

“மொத நாள் எங்க?”

“ஜெயிலு.”

“செல்லுலார் ஜெயில்! ரெண்டாம் நாள்?”

“படகுல வைப்பர் தீவு.”

“அடுத்த நாள்?”

“மரம் அறுக்கற மில்லு... இல்ல, ஹேரியட்டு மலை.”

“உனக்கு மலையும் ஒண்ணு, மில்லும் ஒண்ணு! உன்னைக் கூட்டினு போய் எவன்கிட்ட நான் அவமானப்படறது?”

வேதா பிறந்ததிலிருந்து கடலைப் பார்த்ததில்லை. தீவைச் சுற்றி அவர் போட்டிருந்த வளைவு வளைவான கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏங்க, சாயங்காலத்துல கடல் இன்னா நெறமா இருக்கும்?”

“அதெல்லாம் யாரு கேக்கப் போறாங்க? நீலமா இருந்துச்சின்னு சொல்லு, போதும்.”

மறுநாள் காலை தெருவே வழியனுப்பக் கூடிவிட்டது. டிரங்குப் பெட்டி, படுக்கை சுருட்டிய ஹோல்டால், புது பிளாஸ்க் எல்லாம் ரிக்‌ஷாவில் ஏறின. முந்தின நாள் பட்ட பேச்சையெல்லாம் மறந்துவிட்டு, ரேணுகாம்பாள் கோயில் விபூதியை வேதாவின் நெற்றியில் பூசினாள்.

“கடல்ல போறீங்க, ஜாக்கிரதை. அண்ணாமலையார் கூடவே வருவாரு.”

வேதாவின் கண் கலங்கியது. சகாதேவன் உதட்டைச் சுழித்தார். “கப்பலைப் பத்தி இவங்களுக்கு இன்னா தெரியும்? ஏறு, ஏறு.”

மெட்ராஸ் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததுமே பக்கத்து சீட்டுக்காரரிடம் அந்தமானைப் பற்றி ஆரம்பித்துவிட்டார். தீவுக்குத் தீவு படகு எப்படிப் போகும், எந்தக் கரையில் குளிக்கலாம், எங்கே கூடாது என்று பாடமே நடத்தினார். அந்த மனிதர் கொஞ்ச நேரத்தில் தூங்கிப்போனார்.

ஜன்னலோரம் வேதாவின் உதடுகள் முணுமுணுத்தன. ஜெயில், வைப்பர் தீவு, ஹேரியட் மலை, மர மில், வாண்டூர் கடற்கரை. ஒன்றுகூடத் தப்பவில்லை. கேட்கத்தான் ஆளில்லை.

அண்ணாமலையார் மலை கண்ணுக்கு மறைவதற்குள்ளேயே கீழ்பென்னாத்தூரில் பஸ் நின்றது. சகாதேவன் அவசரமாகப் பெட்டியோடு இறங்கினார். துண்டைத் தலையில் முக்காடாகப் போட்டுக்கொண்டு, கடைத்தெருவை விட்டுவிட்டுப் பின்சந்து வழியாக விறுவிறுவென்று நடந்தார். வேதா ஹோல்டாலைச் சுமந்துகொண்டு பின்னாலேயே ஓடினாள்.

சந்தின் கடைசி வீட்டுக் கதவைத் தட்டினார். வேதாவின் அம்மா வெள்ளையம்மாள் திறந்தாள். முக்காட்டோடு நிற்கும் மருமகனை மேலும் கீழும் ஒருமுறை பார்த்தாள்.

“வாங்க மாப்ளே. போன தடவ காஷ்மீர் போனப்ப தங்கினீங்களே, அதே ரூம்தான்.”