ஒரே ஒரு அத்தை

"பேசாம, உங்க அத்தை செத்துட்டாங்கன்னு சொல்லிடலாமுங்க" என்றான் பாண்டுரங்கன்.

கோதண்டபாணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எனக்கு இருக்கறதே ஒரே அத்தைடா!"

"ஒண்ணே போதுமுங்க."

விழுப்புரத்தில் வக்கீல் ராஜாமணியின் வீட்டுக் கூடத்தில் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். கோதண்டபாணி திண்டிவனம் பக்கத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடும் பெரிய விவசாயி. இரண்டு மாதமாக ஜில்லா போர்டு மெம்பர். தேர்தலில் அவருக்கு ஏஜெண்டாக ஓடியாடியவன் பாண்டுரங்கன். எதிர்த்து நின்று தோற்றுப்போன விருத்தாசலம் என்பவர் வீட்டில் படுத்துத் தூங்காமல் கேஸ் போட்டுவிட்டார்.

குற்றச்சாட்டு இரண்டு. ஓட்டுப்பதிவுக்கு ஒரு வாரம் முன்னால் ஊரைக் கூட்டிக் கறிச்சோறு போட்டது ஒன்று. ஓட்டுப்பதிவு அன்று ஊராரை வண்டியில் ஏற்றிப் போனது இன்னொன்று. இரண்டில் எது ருசுவானாலும் பதவி போய்விடும். ஓட்டுக்குச் சோறு போடக்கூடாது என்று சட்டம் எழுதிய வெள்ளைக்காரன், சோறு போடாமல் இந்த ஊரில் எப்படி ஓட்டு வாங்குவது என்பதையும் எழுதியிருக்கலாம். எழுதவில்லை.

பதவி போனால் தாங்கமாட்டார் கோதண்டபாணி. ஜெயித்த நாளிலிருந்து கட்டிய மனைவிகூட அவரை 'மெம்பர்' என்றுதான் கூப்பிட வேண்டும் என்று வீட்டில் உத்தரவு.

"கல்யாண விருந்துன்னு சொல்லிட்டா என்ன?" என்றார் ராஜாமணி.

"கல்யாணம்னா பொண்ணு, மாப்பிள்ளைன்னு ரெண்டு பேரைக் காட்டணுமுங்க. கருமாதின்னா ஒரு ஆளு கண்ணுல படாம இருந்தா போதும்" என்றான் பாண்டுரங்கன்.

"அத்தையை எங்கடா ஒளிக்கறது? அது இருமினா நாலு தெருவுக்குக் கேக்குமே!"

"புதுச்சேரியில உட்டுட்டு வந்துடறேன் மெம்பர் ஐயா. அது பிரெஞ்சுக்காரன் சீமை. நம்ம கோர்ட்டு ஆளு சம்மனைத் தூக்கிக்கினு அங்க போவ முடியாது. உசுரோட இருக்காங்கன்னு விருத்தாசலம் சொன்னா, கொண்டாந்து காட்டட்டும்!"

வக்கீல் தன் தொழிலையே ஒரு கணம் சந்தேகித்தார். பிறகு கேட்டார். "சரி, அந்த வண்டி விஷயம்?"

"அது பேஜாரே இல்லீங்க" என்றார் கோதண்டபாணி. "அதுல ஒரு தப்பும் நடக்கலை. கேட்டா உள்ளதை உள்ளபடி சொல்லிடுவேன்."

"அப்பாடா! உண்மைக்கு ஒத்திகை வேண்டாம். கருமாதியை மட்டும் நல்லாப் பாடம் பண்ணிக்கங்க."

அத்தை வெள்ளையம்மாள் தன் மரணத்தைத் தைரியமாகவே ஏற்றுக்கொண்டாள். மூட்டையைக் கட்டிக்கொண்டு வண்டியில் ஏறும்போது ஒன்று மட்டும் சொன்னாள். "என் கருமாதியில நானே ஒக்காந்து ரெண்டு தபா கறி வாங்கித் தின்னேன்டா. அதைப் போயி அங்க ஒளறிடாதே."

விசாரணை நாள் வந்தது. அதிகாரி பட்டணத்திலிருந்து வந்தவர். சிரித்தே பழக்கமில்லாத முகம்.

விருத்தாசலத்தின் வக்கீல் எழுந்தார். "ஓட்டுப்பதிவுக்கு ஒரு வாரம் முன்னாடி ஊருக்கே விருந்து போட்டீங்களா?"

"விருந்தா?" கோதண்டபாணியின் குரல் உடைந்தது. "எங்க அத்தையோட கருமாதிங்க அது! என்னைத் தூக்கி வளத்தவங்க."

"அவங்க உயிரோடதானே இருக்காங்க?"

"உங்க வாய் முகூர்த்தம் பலிக்கட்டுமுங்க. எங்க இருக்காங்கன்னு காட்டுங்க, இப்பவே போயி கால்ல வுழறேன்."

அடுத்து அத்தை வீட்டுக்குப் பக்கத்து வீட்டு அஞ்சம்மாள் சாட்சிக் கூண்டில் ஏறினாள். ஏறியதும் மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரியை ஆரம்பித்துவிட்டாள். வரும் வழியில் ரயிலில் இதை ஒத்திகை பார்த்தபோதே எதிர்ப்பக்கத்துப் பயணிகள் அவளுக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்துத் தேற்றியிருந்தார்கள்.

கேட்கக் கேட்கக் கோதண்டபாணியே நம்பிவிட்டார். இருந்தவரைக்கும் அத்தைக்கு ஒரு நல்ல புடவை எடுத்துக் கொடுக்கவில்லையே என்று நிஜமாகவே அழுதார்.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "போதும்மா. துக்கத்தைக் கிளற வேண்டாம். விருந்து விஷயம் இதோட முடிஞ்சது."

பின்வரிசையில் பாண்டுரங்கன் தொடையைத் தட்டிக்கொண்டான். ராஜாமணி அங்கவஸ்திரத்தால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பாதிக் கிணறு தாண்டியாயிற்று, மீதியில் பொய்யே இல்லை.

விருத்தாசலத்தின் வக்கீல் சுரத்தில்லாமல் அடுத்த கேள்விக்கு வந்தார். "ஓட்டுப்பதிவு அன்னிக்கு வண்டியில ஆட்களை ஏத்திப் போனீங்களா, இல்லையா?"

கோதண்டபாணி கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். பாடம் பண்ணாத பதில் என்பதால் கணீரென்று வந்தது.

"வண்டி என் சொந்த வண்டிங்க. சொந்தக் குடும்பத்தை ஏத்திக்கினு போலாம்னு சட்டமே சொல்லுது. ஊரார் ஒருத்தரையும் நான் ஏத்தலை. சத்தியமாச் சொல்றேன், நடக்க முடியலையேன்னு எங்க அத்தையை மட்டுந்தான் ஏத்திக்கினு போயி ஓட்டுப் போட வெச்சேன்!"

அதிகாரி பேனாவை மறுபடி எடுத்தார். "உங்களுக்கு எத்தனை அத்தை?"

"இருக்கறதே ஒரே அத்தைதானுங்க" என்றார் கோதண்டபாணி. காலையிலிருந்து அவர் சொன்ன உண்மை அந்த இரண்டு மட்டும்தான்.