மூன்றாவது போல்ட்டு

காசிமேட்டில் வெயில் ஏறிவிட்டது. பாரி தன் படகின் பின்புறம் தொங்கும் நைலான் கயிற்றை மேலே இழுக்கிறான். நுனியில் மூன்று போல்ட்டுகள் நீர் சொட்ட ஆடுகின்றன. எலெக்ட்ரிக் ஆட்டோக்களுக்குப் பேட்டரிப் பெட்டி செய்யும் கம்பெனியில் சாமான் வாங்கும் வேலை பார்க்கிற அவன் அக்கா செங்கொடி, கடல்நீரில் துருப்பிடிக்கிறதா என்று பார்க்க இருபது நாளைக்கு முன் கட்டிவிட்டுப் போனவை. மூன்றுமே துருப்பிடிக்காது என்ற சான்றிதழோடு வந்தவை. இன்று வந்திருக்கும் செங்கொடி அவற்றைத் துப்பட்டா நுனியால் துடைத்துப் பார்க்கிறாள். இரண்டு பளிச்சென்று இருக்கின்றன. மூன்றாவதன் தலைக்கடியில் செங்கல் நிறத்தில் ஒரு வளையம். நகம் பட்டதும் பொடியாக உதிர்கிறது. “இத வேணான்னு சொல்லிட வேண்டியதுதானக்கா.” “இதத்தான்டா ஒரு வருசமா எல்லா பொட்டிலயும் போட்டுகினு கீறோம். மத்த ரெண்டுந்தான் புதுசா வந்த சாம்பிளு. இது துருப்புடிச்சி பூட்சின்னா பொட்டி மூடி லூசாயி மழைத்தண்ணி உள்ள பூந்துடும்.” பாரி கயிற்றைச் சுருட்டுகிறான்.

அவளை ஏற்றிவந்த ஆட்டோ ரோட்டோரம் நிற்கிறது. சீட்டுக்கடியில் தெரியும் பேட்டரிப் பெட்டியில் அவள் கம்பெனி ஸ்டிக்கர். ஓட்டுநர் டீ கிளாஸைக் கீழே வைக்கிறார். “இன்னாமா, கெளம்பலாமா?” செங்கொடி போல்ட்டைக் கைக்குள் மூடிக்கொள்கிறாள். “வண்டி எப்ப எடுத்தீங்கண்ணே?” “நாலு மாசம் ஆவுது,” என்று அவர் சீட்டைத் தட்டுகிறார். “ஒரு பேஜாரும் இல்ல.”