அப்பாவின் குதிகால்

மகன் திருமேனியின் அறுபதாம் கல்யாணம். மாலையும் கழுத்துமாக நின்ற தம்பதியை ஆசீர்வதிக்க மாசிலாமணி மேடையேறினார். புகைப்படக்காரர் கையை ஆட்டி, "தம்பி, கொஞ்சம் தள்ளிக்குங்க. ஐயாவோட அப்பா வரட்டும்" என்றார்.

"இவர்தாங்க எங்கப்பா" என்றான் திருமேனி, பல்செட் தெரியச் சிரித்தபடி.

எண்பத்தைந்து வயது மாசிலாமணி முகத்தைத் திருப்பிக்கொண்டார். செல்களின் முதுமையைப் பின்னுக்குத் தள்ளும் அந்தச் சிகிச்சை குடும்பத்தில் ஒருவருக்குத்தான் என்றபோது, "நீங்க எடுத்துக்கங்கப்பா" என்று சொன்னவன் மகன்தான். பேச்சுக்காவது மாசிலாமணி ஒரு தடவை மறுத்திருக்கலாம். அவரோ மறுநாளே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

திருமேனி மனைவியின் தோளைப் பிடித்து, முழங்கால்கள் நெறிபடும் சத்தம் கேட்க மெல்ல இறங்கி, அவர் காலில் விழுந்தான். வெடிப்பெல்லாம் மறைந்து வழுவழுத்துப்போன குதிகால்களை அந்தச் சுருங்கிய விரல்கள் தொட்டன. மாசிலாமணி பாதங்களை வேட்டிக்குள் இழுத்துக்கொள்ளப் பார்த்தார்.

அட்சதை உள்ளங்கை வியர்வையில் பிசுபிசுத்தது. நூறு வயசு இருக்கணும் என்று சொல்லித் தூவ வேண்டும். எல்லா அப்பாக்களும் சொல்வதுதான்.

"சொல்லுங்கப்பா, முட்டி வலிக்குது" என்றான் திருமேனி கீழிருந்து.

"தம்பி, பாத்துட்டே நிக்கிறியே, பெரியவரத் தூக்கி விடுப்பா!" என்று பின்வரிசையிலிருந்து யாரோ கத்தினார்கள்.

மாசிலாமணி சட்டென்று மகனருகே குந்தினார். தன் முழங்காலிலும் அந்தச் சத்தம் சின்னதாகவாவது கேட்காதா என்றிருந்தது அவருக்கு.